மூன்றாவது ஓலைக்கு முன்

ஜெனி,

பக்கத்து அறையில் தூங்கி எழுந்து போகிற மகளுக்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்றால், ஒன்று வீட்டில் சண்டை நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அம்மாவுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். நமக்குள் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ லேபுக்குப் போயிருக்கிறாய். அப்பா காப்பித்தூள் வாங்க லஸ் பக்கம் போயிருக்கிறார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் சில நாளாகப் பார்த்தேன். ஆனால் என் குரல் உனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க வகுப்பின் கடைசி வரிசை வரைக்கும் தமிழ் நடத்திய தொண்டை இது. நான் ரகசியம் பேசினால் கீழ்வீட்டில் மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இந்த விஷயம் அப்படி வெளியே போகக் கூடாது. ஏற்கெனவே போனதுதான் இவ்வளவுக்கும் காரணம். அப்பாவிடம்கூட இதைக் காட்டவில்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன இரண்டு ஞாயிறும் நம் கோயிலில் உன் கல்யாண ஓலை வாசித்தார்கள். பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் மைக் முன்னால் வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இன்னார் மகன் அருளுக்கும் இன்னார் மகள் ஜெனிபருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று படித்தார். மூன்று ஞாயிறு அப்படிப் படிப்பது வழக்கம். வருகிற ஞாயிறு மூன்றாவது. தை பிறந்ததும் கல்யாணம். முதல் ஓலையின்போது நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பெருமையாகச் சுற்றிப் பார்த்தேன். இரண்டாவது ஓலையின்போது 'தடை ஏதும் அறிந்தவர்கள்' என்ற இடம் வந்ததும் எனக்குக் காது சுட்டது. நீ என் பக்கத்தில் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு தடை தெரியும், ஜெனி. உன்னிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை என்பதுதான் அது. கேட்கவிடாமல் செய்தது நான்.

இதைச் சொல்ல எனக்கு உன் படிப்புதான் கைகொடுக்கிறது. உங்கள் லேபில் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டு ஒருநாள் சுற்றிக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மேலிருந்து அடுக்கடுக்காகத் தொங்கிய அந்தத் தங்க நிறச் சாமானைப் பார்த்து, கோயில் சரவிளக்கு மாதிரி இருக்கிறதே என்றேன். அது குளிர்ப்பெட்டி என்றாய். வானத்தின் வெறும் வெளியில் இருக்கிற குளிரைவிட அதன் அடிப்பாகம் குளிர் என்றாய். "இதுல பால் வச்சா எத்தன நாள் தாங்கும்?" என்று அப்பா கேட்டு என் மானத்தை வாங்கினார். நீ சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாய். "இதோட அடியில நகத்தளவு ஒரு சிப் இருக்குப்பா. அதுல இருக்கிற சின்ன சுற்று பூஜ்யமாவும் இருக்கும், ஒண்ணாவும் இருக்கும். ரெண்டும் சேர்ந்து. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு லயம் இருக்கு. லயம் இருக்கிற வரைக்கும்தான் எங்க வேலை நடக்கும். வெளியிலேர்ந்து கொஞ்சம் சூடு, ஒரு துளி வெளிச்சம் வந்து பட்டா போதும். வந்தது திரும்பிப் போகும்போது, உள்ள இருக்கிறது பூஜ்யமா ஒண்ணாங்கற சேதியக் கொஞ்சம் தூக்கிட்டுப் போயிடும். சேதி வெளிய போயிட்டா லயம் போச்சு. அப்புறம் அது சாதா ஸ்விட்சு மாதிரிதான். ஒண்ணு போட்டிருக்கும், இல்ல அணைஞ்சிருக்கும்."

"யாரு பாத்தா அப்படி ஆவும்?" என்று நான் கேட்டேன். "யாரும் பாக்கவே வேணாம்மா. மனுஷங்களே வேணாம். ஒரு காத்து அணு வந்து இடிச்சாலே போதும்" என்றாய். அங்கே இருந்த மேசையைத் தட்டிக் காட்டினாய். இந்த மேசை ஏன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதில்லை தெரியுமா, காற்றும் வெளிச்சமும் ஒவ்வொரு நொடியும் ஓயாமல் இதன்மேல் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன, சுற்றி இருப்பதெல்லாம் இதைச் சும்மா விடுவதில்லை, அதனால்தான் மேசை மேசையாக ஒரே இடத்தில் அடங்கிக் கிடக்கிறது என்றாய். அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னாய், டிகோஹெரன்ஸ். தமிழ் டீச்சர் சும்மா இருப்பாளா? 'ஒத்திசைவு குலைதல்' என்று அங்கேயே பெயர் வைத்தேன். "பாஸ் மார்க் போடலாம்" என்றாய். ஆட்டோவில் அடையாறு பாலம் தாண்டி வரும்வரை அதை நானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெயர் வைக்கத் தெரிந்த எனக்குப் பொருள் விளங்க இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

அதற்கப்புறம் மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நாம் இரண்டு பேரும் மட்டும் உடைந்த பாலத்துப் பக்கம் போனோம். ஊரூர் குப்பத்துப் படகுகளைத் தாண்டி மணலில் நடந்து, ஆறு கடலில் சேருகிற இடத்தில் நின்றோம். கடலிலிருந்து ஓர் அலை, ஆற்று வாயில் திரும்பி வருகிற ஓர் அலை. இரண்டும் குறுக்காக ஏறி ஓரிடத்தில் எகிறின, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாததுபோல அடங்கின. "லயம்னு சொன்னேன்ல, இதாம்மா. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கோலம் போடும். ஒண்ண எடுத்துட்டா கோலம் இல்ல" என்றாய். நான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாய், பாட்டுக் குழுவில் உன்னோடு பாடுகிற அருள் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான் என்று. வெளிநாட்டு லேப் ஒன்றிலும் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு இரண்டாவது சேதி காதில் ஏறவே இல்லை. "நீ இன்னா சொன்ன?" என்று உன் கையைப் பிடித்தேன். அவசரத்தில் எனக்கு மெட்ராஸ் பாஷை வந்துவிடும்.

"ஒண்ணும் சொல்லலம்மா. அவன எனக்குப் புடிக்கும். கல்யாணம் வேணும்னும் இருக்கு, வேணாம்னும் இருக்கு. ரெண்டும் இருக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடுன்னு கேட்டிருக்கேன். அவனும் சரின்னுட்டான். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாய். நான் கெட்டிக்காரத்தனமாக, "மனசுக்குள்ள ஏற்கெனவே முடிவு பண்ணியிருப்ப, என்கிட்ட சொல்ல மாட்டேங்கற" என்றேன். அப்போது நீ ஒன்று சொன்னாய். "காசைச் சுண்டிக் கைக்குள்ள மூடி வச்சா, உள்ள பூவா தலையான்னு முன்னாடியே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. இது அப்படி இல்லம்மா. இன்னும் பூவும் இல்ல, தலையும் இல்ல." உன் சிப்பைப் பற்றித்தான் சொல்கிறாயா, உன்னைப் பற்றியா என்றுகூட நான் கேட்கவில்லை. பெண்பிள்ளை வெட்கப்படுகிறாள், கை மூடியிருக்கிறது, திறந்தால் தலைதான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உன் தலைமேல் கைவைத்தேன்.

என் சத்தியத்தின் லட்சணம் உனக்குத் தெரியாததல்ல. நீ பெரியவளான அன்று குளியலறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று கெஞ்சினாய். அன்றைக்கும் தலைமேல்தான் கைவைத்தேன். கே.கே. நகரில் இருக்கிற என் அக்காவிடம் மட்டும் போனில் சொன்னேன். கூடப்பிறந்தவள் வெளியாளா? விளக்கு வைக்கும் முன் உன் பெரியம்மா உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக வந்து இறங்கினாள், துணைக்கு அவள் தெருக்காரிகளையும் கூட்டிக்கொண்டு. எல்லோரும் உன் கன்னத்தைக் கிள்ளினார்கள். நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அவர்கள் போனபிறகு நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். "பரவால்லம்மா" என்றாய். அத்தனை சின்ன வயதில் என்னை மன்னித்துவிட்டாய் என்று நினைத்தேன். இனி இவளிடம் எதைச் சொன்னாலும் இப்படித்தான் என்று நீ கணக்கு முடித்துவிட்டாய் என்பது எனக்கு உறைக்கவில்லை. அதற்கப்புறமும் எத்தனையோ வருடம் கழித்து அந்த ஆற்றோரத்தில் என்னை நம்பிச் சொன்னாயே, அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நீ அறிந்ததுதான், ஆனால் முழுதும் அறியமாட்டாய். கார்த்திகையில் ஒரு வார நாள் கோயில் ஆபீசுக்குப் போய் ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்ள ஒரு கருத்து எழுதிக் கொடுத்தேன். செத்தவர்களுக்காக, பரீட்சைக்காக, நோய் தீர என்று எல்லோரும் கொடுப்பதுதானே. 'ஜெனிபர், அருள் இவர்கள் எண்ணங்கள் நிறைவேற' என்று எழுதினேன். அவ்வளவுதான். கல்யாணம் என்ற சொல்லே அதில் இல்லை. பூசைக்கு முன்னால் உபதேசியார் அதை மைக்கில் படித்தார். கோயில் முழுக்க ஒரு சின்னச் சலசலப்பு. பாட்டுக் குழுவில் நின்றிருந்த நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் மேலே சுரூபத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும், நான் கல்யாணம் என்று சொன்னேனா, ஜெபம் செய்வதும் குற்றமா என்று எகிறினேன். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஆண்டவருக்குக் கேக்கணும்னு எழுதிக் குடுத்தியா, அடுத்த பெஞ்சுக்குக் கேக்கணும்னு எழுதிக் குடுத்தியா?" என்று கேட்டார். அந்த மனிதர் வருடத்துக்கு ஒருமுறை பேசுவார், பேசினால் இப்படித்தான்.

அவர் கேட்டது சரி. வாய்தவறிச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஜெபத்துக்கு மைக் வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டிருக்கலாம். ஊர்க்காதில் லேசாக விழட்டும், விழுந்தால் உனக்குக் கொஞ்சம் அவசரம் பிறக்கும், வெளிநாட்டுப் பேச்சு அடங்கும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஜெனி. அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். யார்மேலோ எரிச்சல்பட்டதையெல்லாம் ஃபாதரிடம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. இது ஒரு பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து நடந்ததில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஒருவரும் உன்னை வற்புறுத்தவில்லை. பாட்டுக் குழுவில் அருளுக்குப் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டார்கள். அருளின் அம்மா பூசை முடிந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாடிவீட்டு அம்மாள், மண்டபமெல்லாம் இப்போதே பிடிக்காவிட்டால் தையில் கிடைக்காது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பெரியம்மா போனில், "எனக்கு மூணாம் மனுஷங்க சொல்லித் தெரியணுமா?" என்று அழுதாள். மீன்கூடையோடு வந்த கஸ்தூரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இன்னா டீச்சரம்மா, பொண்ணுக்குக் கண்ணாலமாமே? எங்கையில ஒரு வார்த்த சொல்லல பாத்தியா! வஞ்சரம் நான்தான் குடுப்பேன், இப்பவே சொல்லிக்கினேன்" என்றாள். நான் இல்லை என்று சொன்னேனா? "அதெல்லாம் இன்னும் ஒண்ணும் ஆவல கஸ்தூரி" என்று வாய் சொன்னது, பல் அத்தனையும் வெளியே தெரிந்தது. அவள் அந்தத் தெரு முழுக்க மீனோடு அதையும் விற்றுவிட்டுப் போனாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய் எங்கே கெட்டது, எல்லோரும் நல்லதைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்ன வாழ்த்து, ஒரு சின்னப் பார்வை. உன் மேசையில் மோதுகிற காற்று மாதிரி, ஓயாமல்.

இதில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அருள் ஒரு மத்தியானம் நீ இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்தான். உள்ளே வந்து உட்காரவில்லை. கதவோரமாகவே நின்றான். "ஆன்ட்டி, எல்லாரும் எனக்கு வாழ்த்து சொல்றாங்க. நான் கேட்டதுக்கு ஜெனி இன்னும் பதில் சொல்லல. அவ சொல்றதுக்கு முன்னாடி இப்படி ஆவுறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க கொஞ்சம் நிறுத்தி வைக்கிறீங்களா?" என்று கேட்டான். அவனுக்கு முகம் வாடியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மோர் கொண்டுவந்து கொடுத்தேன். "பொண்ணுங்க நேரா சொல்லுவாங்களாப்பா, எல்லாம் தானா சரியாயிடும்" என்றேன். அவன் மோரைக் குடிக்காமல் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். உன்னிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. ஊருக்கெல்லாம் சேதி சொல்லத் தெரிந்தவள், உனக்குச் சொல்ல வேண்டிய ஒரே சேதியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

பிறகு அவன் வீட்டார் தட்டோடு வந்த நாள். கூடம் கொள்ளாமல் ஆட்கள். உன்னைக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தோம். "என்னம்மா, உனக்குச் சம்மதம்தானே?" என்று அவன் மாமா கேட்டார். கேட்கும்போதே எல்லோரும் சிரித்தார்கள். யாரோ அதற்குள் கேக்கை வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். நீ அருளைப் பார்த்தாய். அவன் தரையைப் பார்த்தான். நீ தலையாட்டினாய். கிறிஸ்துமஸ் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. எல்லோரும் போனபிறகு பாத்திரம் துலக்க வந்து நின்ற உன்னிடம், "கோவமாடி?" என்று கேட்டேன். "பரவால்லம்மா" என்றாய். எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

எனக்கு உறைத்தது முதல் ஓலைக்கு அடுத்த வாரம், தி. நகரில். பட்டுக்கடையில் மூன்றாவது மாடியில், கடைப்பையன் புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு துப்பட்டாவின் நிறத்துக்காக என்னோடு அரைநாள் மல்லுக்கு நிற்கிறவள் நீ. அன்றைக்கு நான் வெங்காயத்தோல் நிறத்தைக் காட்டினேன். "சரிம்மா" என்றாய். வேண்டுமென்றே அசிங்கமான ஒரு பச்சையை எடுத்துக் காட்டினேன், சண்டை போடுவாய் என்று. "எதுனாலும் சரிம்மா" என்றாய். அந்த வார்த்தை என்னுடையது, ஜெனி. என் கல்யாணத்துக்கு என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்த என் அப்பா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "ஓலை எழுதியாச்சு" என்றார். அவ்வளவுதான் எனக்கு வந்த சேதி. உன் அப்பா நல்ல மனிதர், நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அன்று முதல் இன்று வரை, எங்கே போகலாம், என்ன சமைக்கலாம், என்ன ஐஸ்கிரீம் வேண்டும் என்று உன் அப்பா எதைக் கேட்டாலும் எனக்கு வருவது ஒரே பதில்தான், எதுனாலும் சரி. எனக்கு வேண்டியதை எனக்காகக் கேட்கத் தெரியாமல் போனதால்தானோ என்னவோ, உன் விஷயத்தில் இப்படி மைக் பிடித்தேன். எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். என் அப்பாவாவது வீட்டுக்குள் வந்துதான் சொன்னார்.

உன் பாடத்தில் எனக்கு ஒரு வக்கீல் கிடைப்பாரா என்றுகூடத் தேடினேன், பார்த்துக்கொள். ஒத்திசைவு குலைந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கோலம் போடுவது நின்றுவிடும், அதுவரைதான் அந்தக் கணக்கு சொல்லும், இரண்டில் ஏன் இதுதான் நமக்குக் கிடைத்தது என்பதற்குப் பெரிய விஞ்ஞானிகளே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்று நீ ஒருநாள் சொன்னாயே. அப்படியானால் உன் பதிலை நான் தேர்ந்தெடுக்கவில்லை, நீ தலையாட்டினாய், அதற்கு நான் பொறுப்பில்லை என்று வாதாடிப் பார்த்தேன். நிற்கவில்லை. உன் தலையாட்டல் உண்மையாகவே இருக்கலாம். கிறிஸ்துமஸ் அன்று நீயாகச் சொல்லியிருந்தாலும் இதையே சொல்லியிருக்கலாம். ஆனால் அது எனக்கு இனி எப்போதும் தெரியப் போவதில்லை. உனக்கே தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம். தவளை தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். தவளைக்காவது தன் உயிர்தான் போகும்.

நேற்றுக் காலை கோயில் ஆபீஸ் வரைக்கும் போனேன். மூன்றாவது ஓலையை நிறுத்தி வையுங்கள் ஃபாதர், தடை இருக்கிறது, பெண்ணை நாங்கள் நெருக்கிவிட்டோம் என்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நல்ல காரியம் செய்யப்போகிற மிடுக்கோடு, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு போனேன். படியேறும்போது உபதேசியார் சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். "என்ன டீச்சர், இன்னொரு கருத்து எழுதிக் குடுக்கவா?" என்று சிரித்தார். ஆமாம், இன்னொரு கருத்துதான். அன்றைக்கு உன் 'சரி'யை நான் ஊருக்குச் சொன்னேன், இன்றைக்கு உன் 'வேண்டாம்' என்பதையும் நானே சொல்லக் கிளம்பிவிட்டேன், உன்னைக் கேட்காமலே. ஒரு மெழுகுவத்தி வாங்க வந்தேன் என்று வாயில் வந்ததைச் சொல்லி, ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். அலமாரியில் இருக்கிறது, கரண்ட் போனால் உதவும்.

குலைந்துபோனதைத் திரும்பச் சேர்க்க முடியாதா என்று அன்றைக்கு லேபில் அப்பா கேட்டார். பால் கேள்வியை ஈடுகட்ட ஒரு நல்ல கேள்வி கேட்டார், பாவம். "காத்தோட போனதையெல்லாம் யாரால பொறுக்கிட்டு வர முடியும்பா? சிப்பை மறுபடி அமைதியாக்கி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாய். நான் ஊரில் விட்டதை என்னால் பொறுக்க முடியாது. அமைதி மட்டும் கொஞ்சம் கொடுக்க முடியும். அதுவும் ரொம்பக் காலம் கடந்து. சனிக்கிழமை காலை நானும் அப்பாவும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம், பொழுது சாய்ந்துதான் வருவோம். என் போனை வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டுப் போவேன். வீடு உனக்கு. தனியாக இரு, அல்லது அருளைக் கூப்பிடு, அல்லது ஆற்றோரம் போய் நில். அவன் உன்னைக் கேட்டது ஒரு கேள்வி. கேட்டவனுக்குத்தான் பதில் சேர வேண்டும், அவன் மாமாவுக்கும் கேக் வெட்டியவர்களுக்கும் அல்ல. சரி என்றால் சரி. வேண்டாம் என்றாலும், இப்போது வேண்டாம் என்றாலும், நீங்கள் இருவரும் போய் ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மண்டபம், பட்டு, பெரியம்மாவின் அழுகை எல்லாம் என் பாடு. பெண் மறுத்துவிட்டாளா என்று கேட்கிறவர்களிடம், அவளைக் கேட்காமல் நான் பேசிவிட்டேன் என்று சொல்வேன். கஸ்தூரியிடம் சொன்னால் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வெளிநாட்டு லேபுக்கு என்ன எழுதினாய் என்றும் கேட்கமாட்டேன்.

எனக்கு எதுனாலும் சரி என்று இங்கே எழுதினால் அது பொய். அருளை எனக்குப் பிடிக்கும். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, நீ இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று அதைவிட ஆசையாக இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை ராத்திரி நான் திரும்பி வந்ததும் உன் முகத்தைப் பார்ப்பேன், காப்பி கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்காருவேன், என்னடி ஆச்சு என்று கேட்டே தீருவேன். என் வாய் அப்படி. சொல்லாதே. எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பூசை முடியும்போது உபதேசியார் மைக் முன்னால் வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். உங்கள் இரண்டு பேர் பெயரும் வருகிறதா, இல்லை அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுகிறாரா என்பது, அந்தக் கோயிலில் இருக்கிற எல்லோரோடும் சேர்ந்து அப்போதுதான் எனக்கும் தெரியட்டும்.

அம்மா